சுழி

காலை எட்டரை.
உசிலம்பட்டி தாலுகா ஆபீஸ் பின்பக்கம்
மணல் கடத்திப் பிடிபட்ட டிராக்டர்கள் ஏழு,
அதற்கப்பால் முள்கம்பிக்குள் மழைமானி.
புனலைக் கழற்றுகிறேன்.
உள்ளே ஒரு புளிய இலை,
ஒரு கட்டெறும்பு, உயிரோடு.

நேற்று ராத்திரி டிவியில் காட்டினார்கள்:
வங்கக் கடல் முழுக்க வெள்ளையாய் ஒரு சுற்று,
பிள்ளையின் உச்சந்தலைச் சுழி மாதிரி.
ரெட்டைச் சுழி என்றால் ரெண்டு பொண்டாட்டி என்பார்கள்.
இதற்கு ஒற்றைச் சுழிதான்,
இருந்தும் ஒரு ஊரில் நிற்கவில்லை.

கார்த்திகை இது. வாடை வரவேண்டிய மாசம்.
என் காதோரம் உரசுவதோ கோடை.
மேகமலைக்கு அந்தப் பக்கமே
சரக்கை இறக்கிவிட்டு
வெறும் லாரியாய்க் குலுங்கி வருகிறது
மேற்கிலிருந்து.

போன வருசம் மதுரையில் ஒருநாள் பயிற்சி.
டீ, ரெண்டு பிஸ்கட், சுவரில் உலகப்படம், நிறைய அம்புக்குறி.
பூமியின் நடுக்கோட்டில்
கடல் கொதிக்காமலே ஆவி விடுமாம்.
சுட்ட காற்று மேலே போய்,
போகிற வழியிலேயே ஈரத்தைக் கொட்டித் தீர்த்து,
உயரத்தில் வடக்கே நகர்ந்து
பாலைவனங்களின் மேல் வந்து உட்காருமாம்.
உட்கார்ந்த இடத்தில் புல் முளைக்காது.
பிறகு தரையோடு தரையாகத் தெற்கே திரும்பும்,
நேராய் வரத்தான் நினைக்கும்,
காலுக்குக் கீழே பூமி ஓடிக்கொண்டிருக்கிறதே,
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து
வழியில் கடலைக் குடித்துவிட்டு
நம் வாசலுக்கு வரும்போது அதன் பேர் வாடை.

"எங்கேயோ எறங்குன காத்துக்கு
உசிலம்பட்டிக்கு வழி எப்பிடித் தெரியும்?"
நான்தான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.
பயிற்சி கொடுத்த அம்மா சிரிக்கவில்லை.
"தெரியாது. அதனாலதான் சில வருசம் வர்றதில்ல."

நடுக்கோட்டிலேயே புயல் பிறக்காதாம்,
அங்கே காற்றைத் திருப்பிவிடும் கை இல்லை.
நாம் இருப்பது பத்துப் பாகைக்கு நூலிழை குறைவு.
இங்கே அந்தக் கைக்குக் கொஞ்சம் வலு,
வடக்கே போகப் போக இன்னும் வலு.
பள்ளத்தைப் பார்த்து நாலாபக்கமும் ஓடிவரும் காற்றை
அது வலப்பக்கமாய்த் தள்ளித் தள்ளி விட,
போய்ச் சேர முடியாமல் சுற்றுகிறது காற்று,
சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில்
பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி.

ஏழு மணிக்குத் தம்பி காசிமாயன் பேசினான்,
ஓங்கோலிலிருந்து. அங்கே முறுக்குக் கடை, பதினோரு வருசமாய்.
"அக்கா, மாவு மூட்டையெல்லாம் நனஞ்சு போச்சு.
எண்ணெச் சட்டி தெருவுல மெதந்து போகுது.
சாமி படத்த மட்டும் தூக்கிட்டு மாடியில நிக்கிறோம்."
அவன் பேச்சுக்குப் பின்னால் மழை கேட்டது,
தகரத்தின் மேல்,
விடாமல்.
போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.
சொல்லக் கூடாது,
அவன் அழுதுகொண்டிருந்தான்,
எனக்கு அந்தச் சத்தம் இனித்தது.

இங்கே பெய்யவேண்டியது அது.
நமக்கென்று வந்த ஈரத்தையெல்லாம்
கண்டில் நூல் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு
வடக்கே போய்விட்டது.
ஐம்பத்தெட்டுக் கால்வாய்க்குள்
ஆடுகள் படுத்திருக்கின்றன.

அளவுக் குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடிக்கிறேன்.
விதி அப்படி.
ஒன்றும் இல்லை என்பதையும்
அளந்துதான் சொல்ல வேண்டும்.

கலெக்டர் ஆபீசிலிருந்து ரசூல் சார்:
"என்ன ஒச்சம்மா, எவ்வளவு?"
"ஓங்கோல்ல இடுப்பளவு சார்."
"நம்ம தாலுகாவக் கேட்டேன்மா."
பதிவேட்டில் பேனாவை வைத்தேன்.
அது மேலே தொடங்கி இடப்பக்கம் இறங்கி
அடியில் வளைந்து வலப்பக்கம் ஏறி
தொடங்கிய இடத்திலேயே வந்து மூடியது,
டிவியில் பார்த்த அதே சுற்று, அதே திசை.
"சுழி சார்."

கட்டெறும்பை டிராக்டர் டயரில் விட்டேன்.
புனலை மாட்டுவதற்குள்
மேல்காற்று அதன் வாயில் ஊதியது,
காலிப் புட்டிச் சத்தம்.

காசிமாயன் நம்பரைப் போட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறானாம்.